தாய்மாமனும் யூரியா மூட்டையும்

கோபத்தோடு உடற்பயிற்சி செய்யக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

திருவாடானையில் எனக்கு உரக்கடை. வயது நாற்பத்தாறு. மூட்டை தூக்க ஆள் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து கத்துவது மட்டும்தான் என் வேலை. (அதுவும் ஒரு பயிற்சி என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.)

அக்கா மகள் அபிக்குக் கல்யாணம் முடிவானது. எங்கள் வகையறாவில் மணப்பெண்ணைத் தாய்மாமன் தூக்கிவந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். அபி கொஞ்சம் கனமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தொடங்கி அதற்காக நிறையப் பேச்சு வாங்கியவள். பூ வைக்க வந்த அன்று பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, "தாய்மாமன் தூக்கிருவாரா, இல்ல கிரேன் வரச் சொல்லணுமா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. அபியும் சிரித்தாள். அப்புறம் கையிலிருந்த பாயசத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். எச்சில் கையோடு எழுந்து நின்று, "எம்புள்ளையத் தூக்கிக்கிட்டு மண்டபத்த மூணு சுத்து வாரேன். பாக்குறியளா?" என்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மறுநாள் காலையில் செல்போனில், முப்பது நாளில் உடம்பை இரும்பாக்கும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒரு பையன் ஆரம்பத்தில் ஏழு நிமிடம் கையைக் காலை ஆட்டிக்கொண்டே பேசினான். பேச்சு எனக்கு ஆகாது. தள்ளி ஓட்டிவிட்டு நேராக வேலையில் இறங்கினேன். உட்கார்ந்து எழுவது நாற்பது. குதித்து, குப்புற விழுந்து, எழுந்து, மறுபடி குதிப்பது இருபது. மூன்றாவது குதியிலேயே கேஸ் சிலிண்டர் சாய்ந்துவிட்டதென்று என் மனைவி செல்வி அடுப்படியை ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அடுத்த நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. செல்வி கதவைத் தட்டினாள். பேப்பர் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"நாமதான் பேப்பரே வாங்குறதில்லையே" என்றாள்.

ரெண்டு நாள் சும்மா இருக்கச் சொன்னாள். வலித்தால் உடம்பு முறுக்கேறுகிறது என்று அர்த்தம், உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு யூரியா மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாற்பத்தைந்து கிலோ. முழங்காலை மடக்காமல், கீழே விழுந்த கைக்குட்டையை எடுப்பதுபோல் குனிந்து தூக்கினேன். மூட்டை நெஞ்சு வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துச் செல்வி பின்னாலிருந்து, "முழங்கால மடக்கித் தூக்குங்க" என்றாள். எனக்கே பாடமா? மூட்டையோடு இடுப்பை மட்டும் திருப்பி, திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

வாடகைக் காரின் பின்சீட்டில் படுக்கப்போட்டு ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். வழியிலிருந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு கெட்ட வார்த்தை செலவானது.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு அபி வயதுதான் இருக்கும். நான் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்த வீடியோவை முதலிலிருந்து போடச் சொல்லி, குப்புறக் கிடந்த என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் ஓட்டிவிட்ட ஏழு நிமிடத்தில் அந்தப் பையன் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக அசைத்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். முதல் வாரம் பாதி செய்தால் போதும், வலித்தால் நிறுத்துங்கள், கனம் எதையும் உடனே தூக்காதீர்கள் என்றெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு சொல்லியிருக்காரே சார்" என்றாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்துக்குப் பால் பாக்கெட்டுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

அபி பார்க்க வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"அவுக சொன்னத நா மறுநாளே மறந்துட்டேன் மாமா. நீங்க மூணு சுத்துன்னு சவால் விட்டீங்க பாருங்க, அதுல இருந்துதான் ஊரே என் எடையப் பேசுது. இப்ப உங்க இடுப்பு போனதுக்கும் நாந்தேன் காரணம்னு சொல்லுவாக. உங்க மேல என் விரலு கூடப் படல."

"தப்புத்தான் தாயி" என்றேன். இந்த வார்த்தையை அதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

இருந்தாலும் கல்யாணத்தன்று புத்தி மாறிவிட்டது. நான் தூக்காவிட்டால் பிள்ளையைத்தானே பேசுவார்கள்? வேட்டிக்குள் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செத்தாலும் சரி என்று தொண்டி மண்டபத்தில் மணமகள் அறை வாசலில் நின்றேன். அபி வந்தாள். குனியப் போனேன்.

"குனிஞ்சீங்கன்னா நா திரும்பி ரூமுக்குப் போயிருவேன்" என்றாள் மெதுவாக.

என் கையை அவள் கைக்குள் கோத்துக்கொண்டு நடந்தாள். மேடைக்கு இரண்டு படி. முதல் படிக்குக் காலைத் தூக்கினேன், இடுப்பு பூட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. நாதஸ்வரம் ஒரு பக்கம் ஊதிக்கொண்டிருக்கிறது. எதிரே பெரியப்பா செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அபி கையிலிருந்த பூச்செண்டைச் செல்வியிடம் கொடுத்தாள். பட்டுச்சேலையை ஒரு கையால் சரிசெய்தாள். ஒரு கையை என் முதுகுக்கும் ஒரு கையை அக்குளுக்கும் கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கி மேடையில் நிறுத்தினாள். அவள் கழுத்து மாலைகூடச் சரியவில்லை.

மண்டபமே கைதட்டியது. பெரியப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேடையேறி வந்தார். "அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத தாயி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

இப்போது இந்தக் கதையை எந்த விசேஷத்திலும் அவர்தான் சொல்கிறார். முதல் வருஷம் இரண்டு படி என்று சரியாகத்தான் சொன்னார். போகப்போக மண்டபத்து வாசலிலிருந்தே தூக்கி வந்ததாக ஆகிவிட்டது. போன மாதம் ஒற்றைக் கையால். நான் திருத்துவதில்லை. அபியின் எடையை இப்போது ஒருவரும் பேசுவதில்லை. கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க எத்தன கிலோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

எண்பத்தொன்று. கேட்கிறவர்களிடம் நூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.