வெர்லின் வகுப்பேற மறுத்த கதை

ஐம்பத்து நான்காவது வயதில் வெர்லின் ஹாஸ்கெட் ஒரு முடிவெடுத்தான். இந்த வருடம் முன்னேறவே கூடாது.

மிசௌரி மலைப்பக்கத்தில் அவன் சேர்ந்திருந்த கைத்துப்பாக்கிக் கிளப்பில், சுடுகிறவர்களைத் திறமைப்படி ஐந்து வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மாநிலப் போட்டியில் வகுப்புக்கு வகுப்பு தனிப் பரிசு. ஏழு வருடமாக வெர்லின் இருந்தது கீழிருந்து இரண்டாவது வகுப்பு, மார்க்ஸ்மேன். போன வருடம் அதில் இரண்டாமிடம். முதலில் வந்தவனை விதிப்படி மேல் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஆக, இந்த வருடம் வரிசையில் அடுத்தவன் வெர்லின்தான்.

முதலிடத்துக்கு வால்நட் மரத்தில் பெயர் செதுக்கிய பலகை. முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியதற்குக்கூட அவன் பெயரை யாரும் எதிலும் செதுக்கியதில்லை.

போட்டிக்கு முன்னால் எல்லோரும் வகுப்புத் தேர்வைப் புதிதாகச் சுட வேண்டும். அதற்கு முந்தைய நாள் காலை, அவன் மனைவி லவோன் பேக்கன் பொரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள். கிளப்பில் மதிப்பெண் எழுதுகிறவளும் அவள்தான்.

"இந்த வருஷம் உன் கை நல்லாப் பேசுது, வெர்லின். எனக்கு அதான் பயமா இருக்கு."

"நல்லாச் சுட்டா என்ன பயம்?"

"மேல ஷார்ப்ஷூட்டர்ல தூக்கிப் போட்டுருவாங்களே. அங்க என் தம்பி ராய்ஸ் மாதிரி ஆளுங்க. பலகையை நீ போட்டோவுலதான் பாக்கணும்."

வெர்லினுக்குக் காபி இறங்கவில்லை.

"என்ன பண்ணலாங்கிற?"

"நான் என்னத்தச் சொல்ல. வெறும் நம்பர் எழுதுறவ."

"சும்மா சொல்லு."

"கொஞ்சம் மெதுவாச் சுடேன்."

"அது ஏமாத்து. வேணும்னே மட்டமாச் சுட்டா அபராதம்."

"மட்டமா யாரு சுடச் சொன்னா? குண்டைக் கண்ட இடத்துல போட்டா, தேர்வை நடத்துற ராய்ஸ் கண்டுபிடிச்சுருவான். மெதுவாச் சுட்டா, பாவம் வயசாயிருச்சுன்னு நெனைப்பான்."

"என்னைப் பாத்தா வயசானவன் மாதிரியா இருக்கு?"

"அதை ராய்ஸ்கிட்ட விட்டுரு."

அன்று முழுக்க வெர்லின் தன்னோடு வழக்காடினான். இது திருட்டா? தன் சொந்த வேகத்தைத் தானே பையில் வைத்துக்கொள்வது எப்படித் திருட்டாகும்? தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வதில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லாரும் உயர்ந்த வகுப்புதான்.

மறுநாள் மைதானத்தில் நேரம் எடுக்கும் கருவியோடு ராய்ஸ் நின்றான். வழக்கமாக அது கீச்சிட்டதும் வெர்லின் மேல்சட்டையை விலக்கித் துப்பாக்கியை உருவி, சோளம் பொரிவதுபோலச் சுட்டுத் தள்ளுவான். வேகமே வீரம் என்று நம்பியவன். இலக்கு அட்டையின் நடுவட்டத்தை விட்டுக் குண்டு விலகினால் இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் எடுத்த நேரத்தோடு ஒரு விநாடி கூடும்; மொத்த நேரம் குறையக் குறைய வகுப்பு உயரும். அதெல்லாம் லவோன் எழுதும் காகிதத்தின் கவலை.

இன்றைக்கு நிதானமாக உருவினான். மூச்சு விட்டான். நடுவட்டத்தைப் பார்த்தான், இத்தனை வருடத்தில் அதை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சுட்டான். மறுபடி மூச்சு விட்டான்.

"மச்சான், உடம்புக்கு ஏதாவதா?" என்றான் ராய்ஸ்.

"முட்டி வலி."

"கையாலதானே சுடுற?"

எழுபத்திரண்டு குண்டும் முடிந்தன. லவோன் கூட்டினாள்.

"போன வருஷத்தைவிட நேரம் இருபது விநாடி கூட."

வெர்லின் முகத்தைத் தொங்கப்போட்டான். உள்ளே பலகைக்குச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா போன வருஷம் எழுபத்தோரு புள்ளி விட்ட. இப்ப ஒன்பதுதான். கூட்டிக் கழிச்சா நாப்பத்திரண்டு விநாடி மிச்சம்."

"ஷார்ப்ஷூட்டர்," என்றான் ராய்ஸ்.

"திரும்பக் கூட்டு."

"ரெண்டு தடவை கூட்டிட்டேன், தங்கம்."

"இல்ல, நான் இன்னைக்கு சரியாச் சுடல."

ராய்ஸ் புருவத்தை உயர்த்தினான். "வேணும்னேவா?"

ஆமாம் என்றால் ஏமாற்றுக்காரன். இல்லை என்றால் ஷார்ப்ஷூட்டர்.

"இல்ல," என்றான் வெர்லின்.

லவோன் அவனைத் தனியே அழைத்துப்போய் அட்டையைக் காட்டினாள். துளைகளெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் நெருங்கிக் கிடந்தன.

"ஏழு வருஷமா மெதுவாச் சுடுன்னு கத்துனேன். ஜெயிக்கச் சொன்னப்ப கேக்கல. தோக்கச் சொன்னதும் கேட்டுட்ட."

அவன் துளைகளை விரலால் தடவிப் பார்த்தான். இந்தக் கையால் இது முடியும் என்று ஒருத்தி நம்பியிருக்கிறாள், அவனேகூட நம்பியதில்லை. பலகை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவள் எழுது அட்டையை அவன் கையில் திணித்துவிட்டு, பையிலிருந்து துப்பாக்கி வாரை எடுத்து இடுப்பில் மாட்டினாள்.

"பிடி. என் முறை."

"உனக்கு எப்ப இதெல்லாம்?"

"ஆறு மாசமா செவ்வாய்க்கிழமை எங்க போறேன்னு நெனைச்ச?"

"ஜெபக்கூட்டத்துக்கு."

"ராய்ஸ் சொல்லிக்குடுக்குற அழகுக்கு ஜெபமும்தான் பண்ணேன்."

அவள் அவசரப்படாமல் சுட்டாள். வெர்லின் கூட்டினான். மார்க்ஸ்மேன், அந்த வகுப்பின் உச்சியில்.

"இனிமே மார்க்ஸ்மேன்ல அக்காவை அடிக்க ஆளே இல்ல," என்றான் ராய்ஸ். "இருந்த ஒருத்தனும் இப்பதான் மேல போனான்."

வெர்லின் மெல்லத் திரும்பினான்.

"லவோன், அந்தப் பலகை..."

"நம்ம வீட்டுக்குத்தான் வருது, தங்கம்," என்றாள் அவள், காதடைப்பானைக் கழற்றியபடி. "நீ ஆணி மட்டும் அடிச்சு வை."