சுவரோடு சாய்த்துவிட்ட கிழவர்

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு அருகிலுள்ள ஜப்பானிய மொழி வகுப்பொன்றில், ஜப்பானிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கான நேர்முகத் தேர்வு ஒன்லைனில் நடைபெற்றது. விண்ணப்பித்தவர்கள் ஐவர். வெற்றிடம் ஒன்று.

ஐந்தாவது ஆள் சுஜிதன். முள்ளியவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சேட்டு கசங்கிவிடக் கூடாதென்று கதிரை நுனியில் முதுகு சாயாமல் இருந்தான்.

"சுஜிதன், கொஞ்சம் இஞ்சால வாரும்."

யதுர்ஷிகா ரீச்சரின் கையில் போன் இருந்தது. முகம் நன்றாக இல்லை.

"விண்ணப்பத்தில உம்மட பொழுதுபோக்கு என்னெண்டு போட்டது?"

"நீங்கள்தானே ரீச்சர் போட்டனீங்கள்."

உண்மைதான். அவன் கரப்பந்தாட்டம் என்றுதான் எழுதிக் கொடுத்தான். மற்ற நால்வரும் கரப்பந்தாட்டம் என்றே எழுதியிருந்ததால், ஒரு வித்தியாசம் வேண்டுமென்று ரீச்சர் அதை 'ஜப்பானிய நாடகம் பார்த்தல்' என்று மாற்றினார். எந்த நாடகம் என்று கேட்டபோது தனக்குத் தெரிந்த ஒரே நாடகத்தைச் சொன்னான். மூடப்பட்ட துறைமுக நகரம் ஒன்றில் அகப்பட்ட மனிதர்கள், சங்கு ஊதும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற தொடர் அது. முதல் பருவத்தைத் தமிழ்க் குரலில் பார்த்திருந்தான்.

"அந்த இல்லத்தின்ரை பொறுப்பாளர் அம்மாவும் அதைப் பாத்திருக்கிறாவாம். ரெண்டாம் பருவத்தில என்ன நல்லம், என்ன பிழை எண்டு உம்மட்டைக் கேக்கப்போறாவாம். இப்பதான் மெசேஜ் வந்தது."

"ரெண்டாம் பருவம் நான் பாக்கேல்ல ரீச்சர்."

ரீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "உமக்கு முன்னுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். அதுக்குள்ள பாரும்."

சுஜிதன் போனில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டான். ஒரு கப்பல் எரிந்தது. யாரோ சங்கு ஊதினார்கள். டேட்டா முடிந்தது.

வகுப்பில் சேர்வதற்காக மோட்டார் சைக்கிளை விற்றிருந்தான். போதாததற்கு, அவன் ஜப்பானுக்குப் போகப்போகிறான் என்பது முள்ளியவளை முழுவதும் தெரியும். சித்தப்பா ஒருவர் கமரா கேட்டிருந்தார். இனி வெறுங்கையோடு ஊர் பஸ்ஸில் ஏற முடியாது.

முதலாவதாக நேர்முகத்தை முடித்த றஜித், முல்லைத்தீவுக் கரைப் பெடியன், விறாந்தையில் வேர்வை துடைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், அந்த யப்பான் நாடகம், ரெண்டாம் பருவம் பாத்தனியே?"

"பாக்காமல்? ஒரே இருப்பில பாத்தனான்."

"என்ன நல்லம்?"

"வெடி. சோக்கான வெடி. கிரேன் சரிஞ்சு விழேக்க என்ரை கட்டிலே ஆடினது."

"பிழை?"

"வெடி காணாது."

"விசர்க்கதை கதையாதை. முடிவு என்ன?"

"கதாநாயகன் கடலுக்குள்ள பாய்ஞ்சு சாகிறான். சத்தியமா அழுதனான் மச்சான்."

சுஜிதன் உள்ளங்கையில் 'வெடி, கிரேன், கடல்' என்று எழுதினான். எட்டிப் பார்த்த ரீச்சர் தலையில் கை வைத்தார்.

"முதியோர் இல்லத்துக்குப் போய் வெடியைப் பற்றியே கதைக்கப்போறீர்? கையில கிடக்கிறதை அழியும்! இதைப் பாடமாக்கும். 'ஒளிப்பதிவு அழகு. நட்பின் பெருமை தெரிகிறது.' பிழை கேட்டா, 'விரைவில் முடிந்துவிட்டது, அதுதான் கவலை' எண்டு சொல்லும். குறையையும் ஒரு புகழ்ச்சி மாதிரிச் சொல்லவேணும். அதுதான் மரியாதை."

உள்ளங்கை வேர்வையில் மை பரவி, 'கடல்' மட்டும் அழியாமல் நின்றது. பாடமாக்கியதோ, நேர்முகத்துக்கு ஏற்கெனவே பாடமாக்கி வைத்திருந்த வாக்கியங்களோடு கலந்தது. அவன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். "முதியோர் எங்கள் செல்வம். ஆகையால் அவர்கள் விரைவில் முடிந்துவிட்டார்கள்."

ரீச்சர் தண்ணீர் குடிக்கப் போனார்.

கடைசி முயற்சியாகத் தங்கை வினோஜாவை அழைத்தான்.

"நான் எங்கை பாத்தனான்? எனக்குச் சோதினை. அம்மாதான் கச்சான் கடலை உடைச்சு உடைச்சு என்ரை போனில ரெண்டாவதை முழுக்கப் பாத்தவா. பொறு, தோட்டத்துக்குள்ள நிக்கிறா, குடுக்கிறன்."

காற்று இரைந்தது. பிறகு அம்மா மீனம்மாவின் குரல்.

"என்ன தம்பி, எடுத்துப்போட்டாங்களே?"

"இன்னும் இல்லையம்மா. அந்த யப்பான் படம். கெதியாச் சொல்லுங்கோ, என்ன நல்லம், என்ன பிழை?"

"இதையே கேக்கிறாங்கள்?"

"ஓம் அம்மா!"

"நல்லம் எண்டா அந்தப் பெடிச்சி. எங்கட சுதாஜினி மாதிரி ஒருத்தி வாறாளெல்லே, அவள் காயத்துக்குத் தன்ரை சட்டைக் கையைக் கிழிச்செல்லே கட்டினவள். மற்றப் படங்களில எண்டா எங்கையிருந்தோ வெள்ளைத் துணி வரும்."

"பிழை?"

"ஓடுதுகள், ஓடுதுகள், ஒருத்தற்றை கையிலயும் ஒரு சட்டியில்லை, ஒரு போத்தல் தண்ணியில்லை. ஆர் சமைக்கிறது? ஆர் எப்ப வெளிக்குப் போறது? சாகப்போறவன் கால் மணித்தியாலம் நிண்டு பிரசங்கம் வைக்கிறான். மூச்சு வாங்காதே? முதல் பருவத்தில பசியாவது இருந்தது. இதில வாய்தான் இருக்குது."

"சரி, சரி, வேறை?"

"அந்தக் கிழவன், எங்கட பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை மாதிரி ஒருத்தர். தூக்கிக்கொண்டு ஓடினவை. பிறகு ஒரு சுவரோட சாய்ச்சு இருத்திப்போட்டு வெடிவைக்கப் போயிட்டினம். அதுக்குப் பிறகு ஆளைக் காட்டவேயில்லை. எனக்கு மிச்சப் படம் ஏறேல்ல தம்பி. அந்த மனிசன் சாப்பிட்டுதோ, இருந்த இடத்திலயே..."

"சுஜிதன்!" உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

லப்டொப் திரையில் நரைத்த குட்டை முடியோடு பொறுப்பாளர் இருந்தார். சிரிப்பு இல்லை. கமராவுக்குப் படாமல் ரீச்சர் பக்கத்தில் இருந்தார். சுஜிதன் குனிந்து வணக்கம் சொன்னான். நெற்றி மேசையில் இடித்தது.

"இரண்டாம் பருவத்தில் எது சிறப்பு?" அவர் ஜப்பானிய மொழியில் மெதுவாகக் கேட்டார்.

"நாயகன் கடலில் பாய்ந்து இறந்தது மிகவும் சிறப்பு."

"அவன் இறக்கவில்லையே. நீந்திக் கரைக்கு வந்தானே."

விறாந்தையில் நின்ற றஜித்தை ஒருநாள் கடலிலேயே சந்திப்பதென்று சுஜிதன் தீர்மானித்தான்.

"ஒளிப்பதிவு அழகு," என்றான். "முதியோர் எங்கள் செல்வம். நட்பு விரைவில் முடிந்துவிட்டது."

ரீச்சர் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தார். பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?"

முள்ளியவளை பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. அம்மா சொன்னது சொன்னபடியே, தெரிந்த ஜப்பானியச் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"அந்தப் பெண் சட்டையைக் கிழித்தாள். அது நல்லது. ஆனால் ஒருவரிடமும் தண்ணீர் இல்லை. பானை இல்லை. கழிப்பறைக்கு ஒருவரும் போகவில்லை. சாகிறவர்கள் மிக நீளமாகப் பேசுகிறார்கள். ஏரம்பு-சானை மறந்துவிட்டார்கள்."

"ஏரம்பு-சான்? அப்படி ஒரு பாத்திரம் இல்லையே."

"கிழவர். சுவரோடு சாய்த்துவிட்டவர்."

ரீச்சர் மிதிப்பதை நிறுத்தியிருந்தார். பொறுப்பாளர் திரைக்குக் கிட்ட வந்தார்.

"அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?"

இது அம்மா சொல்லாதது. ஆனால் ஏரம்பு அண்ணை வாதத்தில் விழுந்து கிடந்த நாட்களில் அம்மா செய்ததை அவன் பார்த்திருந்தான்.

"முதுகுக்குச் சாக்கு வைக்க வேண்டும். சாக்கை மடித்து. வாயை நனைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கமாகவே படுக்க விடக் கூடாது. போகும்போது, திரும்பி வருவேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வர வேண்டும்."

திரைக்கு அந்தப் பக்கம் பேனா ஓடியது. கனநேரம் ஓடியது.

"இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்?"

"அம்மா... அம்மா செய்வார். இந்த நாடகத்தைப் பார்த்ததும் அம்மாதான்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதென்று நாக்கைக் கடித்தான்.

பொறுப்பாளர் முதல்முறையாகச் சிரித்தார். "அம்மா நலமா? எத்தனை வயது?"

"நாற்பத்தெட்டு. நலம். கச்சான் பிடுங்குகிறார்."

"அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

அவன் வெளியே வந்தான். றஜித் ஓடிவந்தான்.

"என்னடா கேட்டவா?"

"அம்மாவைச் சுகம் விசாரிச்சவா. வணக்கம் சொல்லச் சொன்னவா."

"குடும்பத்தை விசாரிச்சா பாஸ் எண்டு ரீச்சர் சொன்னவாவெல்லே? எங்களிட்டை அந்த மனிசி ஒரு சொல்லுக் கேக்கேல்ல. உனக்குத்தான் மச்சான், முடிஞ்சுது!"

மற்ற மூவரும் வந்து கைகொடுத்தார்கள். ஒருவன் முகம் கறுத்துத்தான் கொடுத்தான். கதவு மூடியே இருந்தது. உள்ளே ரீச்சர் ஜப்பானிய மொழியில் ஆமாம் போடும் குரல், "ஹாய், ஹாய்" என்று இடைக்கிடை கேட்டது, ஒருமுறை "ஏ?" என்று உயர்ந்தது. சுஜிதன் அம்மாவின் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நின்றான்.

கதவு திறந்தது. யதுர்ஷிகா ரீச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து பேரையும் பார்த்து, பிறகு அவனை மட்டும் பார்த்தார்.

"சுஜிதன், அந்த இடம் உங்கட அம்மாவுக்காம். அடுத்த வகுப்பில அவாவைச் சேர்க்கச் சொல்லுறா, அவாட்டைப் பாஸ்போட் இருக்கோ?"