கென்சோவின் குட்டை உருவாக்கப்பட்ட விதம்

சொந்த நிலத்தில் காட்டு உயிர்கள் வாழ இடம் உருவாக்கிக் கொடுக்கும் நில உரிமையாளர்களுக்கு அரசு நிதியுதவி வழங்கும் என்ற அறிவிப்பு, துன்ஜா ஆற்றங்கரையில் உள்ள ரக்கித்தா ஊருக்கு, அங்கே காட்டு உயிர்கள் மிச்சமிருந்த காலத்திலேயே வந்து சேர்ந்தது. அரசாங்கத்துக்கு இது ஒரு சாதனை. வழக்கமாக அறிவிப்பு வருவதற்குள் விஷயம் முடிந்துபோயிருக்கும்.

அந்த ஊரில் கென்சோ என்று அறுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். ஆற்றை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் தாழ்வான நிலம். கூட்டுப்பண்ணை கலைந்து நிலங்களெல்லாம் பழைய குடும்பங்களுக்குத் திரும்பியபோது கைக்கு வந்தது. மற்றவர்கள் தங்கள் நிலத்தை உழுதார்கள், மருந்தடித்தார்கள், சூரியகாந்தி போட்டார்கள். கென்சோ தன்னுடையதை அப்படியே விட்டுவிட்டார். இதில் தத்துவம் எதுவும் கிடையாது. டிராக்டரை இறக்கினால் சேற்றில் புதையும். அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும். அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

அவர் போடாத உழைப்பில் நாணல் ஓங்கி வளர்ந்தது. நாணலுக்குள் தவளை வந்தது, தவளையைத் தேடி நாரை வந்தது, மீனுக்காக ஒரு நீர்நாய்க் குடும்பமே வந்து கரையில் வளை தோண்டிக்கொண்டது. ஊரார் அந்த இடத்துக்குச் 'சோம்பேறிக் குட்டை' என்று பெயர் வைத்தார்கள். அவர் மனைவி யோர்தான்காவும் வீட்டுக்குள் அதே பெயரைத்தான் புழங்கினாள்.

மதுக்கடைச் சுவரில் அறிவிப்பைப் படித்த அன்று கென்சோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷமாகத் தான் செய்துவந்தது சோம்பல் இல்லை, இயற்கைப் பாதுகாப்பு என்று அரசாங்கமே அச்சடித்துச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். யோர்தான்கா பனித்சாவுக்கு மாவை இழுத்துப் பாலாடைக்கட்டி தூவிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவருடைய கட்டிலிலும் ஏதாவது பாதுகாக்கப்படுகிறதா என்று மட்டும் கேட்டாள்.

விண்ணப்பம் போனது. ஜூன் மாதத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து பெத்ருனோவா என்ற அம்மையார் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். கடுகடுப்பானவர் இல்லை, பனித்சாவை இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றவர். குட்டைக் கரையில் போய் நின்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தவளைகள் போட்ட கூச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது. நீர்நாய் ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு கரையேறி, அரசுப் பிரதிநிதி என்ற மரியாதைகூட இல்லாமல், அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. அம்மையார் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப அழகா இருக்குங்க ஐயா. அதுதான் சிக்கல்."

"அழகா இருக்கிறது என்ன சிக்கல் மேடம்?"

"இது வாழிடம் உருவாக்கும் திட்டம். உங்ககிட்டதான் ஏற்கெனவே இருக்கே. இருக்கிறதை எப்படி உருவாக்குவீங்க?"

"நான் உருவாக்கினதுதானே இது."

"என்ன செஞ்சு உருவாக்கினீங்க?"

கென்சோ நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாததுக்கு நிதி ஒதுக்கீடு இல்லைங்க ஐயா."

அந்த ஒதுக்கீடு முழுவதும் அலுவலகச் சம்பளத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்பது ஊராரின் நெடுநாளைய கருத்து. கென்சோ அதைச் சொல்லவில்லை. அம்மையார் பாதைக்கு அப்பால் கையைக் காட்டினார். அங்கே டிராகோமிரின் நிலம் இருந்தது. உழைப்பாளி, ஒரு எறும்புகூட ஊராத அளவுக்கு மருந்தடித்து வைத்திருந்தார்.

"அதைப் பாருங்க. எங்க விதிமுறையில பூஜ்ஜிய நிலைன்னு சொல்றது அதைத்தான். அங்க நாளைக்கு ஒரு தவளை வந்தா, அது முழுக்க முழுக்கத் திட்டத்தோட தவளை. உங்க தவளைக்கு அந்தத் தெளிவு இல்லை."

பிறகு குரலைத் தாழ்த்தி, எதையும் அழிக்கச் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும், அடுத்த முறை தான் வரும்போது இங்கே எதுவும் இல்லாமலிருந்தால் கென்சோவுக்கு எல்லாத் தகுதியும் வந்துவிடும் என்றும், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தகவல்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

யோர்தான்கா அன்று சாயங்காலமே மறுத்துவிட்டாள். "சும்மா கிடக்கிறதை அழிச்சுட்டு, அதையே திரும்பச் செய்யக் காசு வாங்கப் போறியா? அந்தத் தவளை உன்கிட்ட என்னய்யா கேட்டுச்சு?" கென்சோவுக்கும் மனமில்லை. அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். ஆனால் டிராகோமிருக்கு நிதியுதவி வந்துவிட்டது. அவர் குழி வெட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, பெரிய பலகை ஒன்று நட்டார். மதுக்கடையில் எல்லோருக்கும் ரக்கியா வாங்கிக் கொடுத்துவிட்டு, "கென்சோ அண்ணே, என் குட்டைக்கு வரப்போறது சர்க்கார் தவளை. உங்களுது எல்லாம் பட்டா இல்லாம குடியிருக்கிற தவளை" என்றார். கடையே சிரித்தது. கென்சோவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சிரிப்பு அவரைக் குத்தியது.

நாரைகள் தெற்கே கிளம்பிப் போனபின், டிராகோமிரின் பொக்லைனையே வாடகைக்குப் பிடித்தார். நாணல் வேரோடு வந்தது. கரை சரிந்தபோது நீர்நாய் தன் குட்டிகளை முன்னே விட்டு ஆற்றில் இறங்கியது. நடுவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. கென்சோ சிகரெட் பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தார். காற்றே இல்லாத நாளில் அவருக்குத் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது.

பெத்ருனோவா அம்மையார் வந்து பார்த்து, இவ்வளவு நேர்த்தியான வெறுமையைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று பாராட்டினார். மறுநாளிலிருந்து உருவாக்கும் வேலை ஆரம்பமானது. விதிப்படி சரிவு, விதிப்படி ஆழம். பனி உருகியதும், அங்கீகரிக்கப்பட்ட நாணல் லாரியில் வந்து இறங்கியது. நாணல்கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கியது. லாரி டிராகோமிருடையது. கென்சோ ஒரு கட்டு நாணலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது என் நாணல்தானே?"

"போன வருஷம் வரைக்கும் உங்க நாணல் அண்ணே. இப்ப இதுக்குச் சான்றிதழ் இருக்கு."

வந்த நிதியில் பெரும்பகுதி அந்தச் சான்றிதழுக்கே போனது.

இதற்குள் பூஜ்ஜிய நிலையின் மகிமை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யார் நிலத்தில் கொஞ்சம் புதர் இருந்ததோ, யார் வேலியோரம் நீர் தேங்கி நாலு தவளை கத்தியதோ, அவர்களெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு விண்ணப்பம் போட்டார்கள். பாதிரியார்கூடத் தேவாலயத்துப் பின்பக்க முட்காட்டைக் கொளுத்திவிட்டு, தகுதி அடைந்தார்.

வசந்தம் வந்தது. தவளை வரவில்லை. மார்ச்சில் கையில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை, முதல் நாரையைக் கண்ட பிறகே அவிழ்க்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் நாரை இறங்கவில்லை. மே மாதம் முடிந்தும் ஊரார் அழுக்கேறிய நூலோடு திரிந்தார்கள். யோர்தான்காவுக்குத் தூக்கம் கெட்டது. இத்தனை வருஷம் தவளைச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகியவள், இப்போது திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் விழித்துக் கிடந்தாள். கென்சோ தினமும் குட்டைக் கரைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், வேலை நடக்கிறது என்பார்.

கடைசியில் பயந்துகொண்டே பெத்ருனோவா அம்மையாரிடம் உண்மையைச் சொன்னார். ஒரு தவளைகூட வரவில்லை, பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமா என்று கேட்டார். அம்மையார் அவரைத் தேற்றினார். "நாங்க கொடுத்தது வாழிடத்துக்கு. வாழிடம் இருக்கு. அதுல வாழ்றதா வேண்டாமாங்கிறது தவளையோட சொந்த முடிவு. அதுல அலுவலகம் தலையிடாதுங்க."

தவளை வராவிட்டாலும் கொசு வந்தது. விண்ணப்பம் எதுவும் போடாமல், எல்லாக் குட்டைகளிலும் ஒரே நேரத்தில், முழு மனதோடு குடியேறியது.

ஜூன் மாதம் திறப்பு விழா. தலைநகர் சோபியாவிலிருந்து துறையின் துணை இயக்குநர் ஒருவர் வந்தார். வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்றார்கள். பித்தளை வாத்தியம் முழங்கியது. கென்சோவின் சட்டையில் பதக்கம் குத்தினார்கள். துணை இயக்குநர், மனிதனும் இயற்கையும் கைகோத்து நடக்கும் பொற்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூட்டத்தில் கழுத்திலும் கன்னத்திலும் பட்பட்டென்று அடித்துக்கொண்டார்கள். கைதட்டல் என்று நினைத்து அவர் ஒவ்வொரு முறையும் தலைவணங்கினார். பாதிப் பேச்சில் அவருடைய இடக்கண் வீங்கி மூடிக்கொண்டது.

உருவாக்கியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கென்சோவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் பதக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, முன்னால இங்க தவளை இருந்துச்சு. அதுங்க கொசுவைத் தின்னும்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாய்க்குள் ஒரு கொசு போய்விட்டது. இருமிக்கொண்டே இறங்கிவிட்டார்.

துணை இயக்குநர் மிகவும் பாதிக்கப்பட்டவராக, நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெத்ருனோவா அம்மையாரிடம் குனிந்து ஏதோ ஆலோசித்தார். பிறகு ஒலிபெருக்கியில், மக்களின் குரல் அரசின் காதில் விழுந்துவிட்டது என்றும், புதிதாக உருவாக்கப்பட்ட வாழிடங்களில் மருந்தடித்துக் கொசுவை ஒழிக்கும் நில உரிமையாளர்களுக்குத் தனி நிதியுதவி வழங்கப்படும் என்றும், விருப்பமுள்ளோர் இப்போதே கை தூக்கலாம், எண்ணி முடிக்கும்வரை இறக்க வேண்டாம் என்றும் அறிவித்தார்.

டிராகோமிர் தூக்கினார். பாதிரியார் தூக்கினார். கென்சோ கால்சட்டைப் பையில் கைகளை விட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"தூக்குய்யா கையை" என்றாள் யோர்தான்கா. "ஊரே தூக்கிடுச்சு."

கென்சோ தூக்கினார். எண்ணுகிறவர் முன்வரிசையிலிருந்து நிதானமாக ஆரம்பித்தார். தூக்கிய கைகளில் கொசுக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அடித்தால் கை இறங்கிவிடும், பெயர் விட்டுப்போகும் என்று ரக்கித்தா ஊரார் ஒருவர்கூட அசையாமல், கடைசிவரை கடிக்கக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.