எட்டாயிரம் பேரில் ஒருவர்

சித்தப்பா டை கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே லாரிசா கையிலிருந்த நோட்டைத் தாழ்த்தினாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் இல்ல. டி.வி. பாக்கப் போறேன்," என்றார் ஓரெஸ்ட் சித்தப்பா.

பக்கத்தில் ஹலீனா சித்தி, சர்ச்சுக்குப் போடும் நீல கவுனும் முத்துமாலையுமாக. திரையில் திமிங்கலங்களைப் பற்றி ஏதோ ஆவணப்படம்.

"தினமும் இதைத்தான் பாப்பீங்களா?"

"தினமும்," என்றாள் சித்தி. "திமிங்கலம்னா எங்களுக்கு உசிரு."

"சித்தி, பொய் சொல்லாதீங்க."

"நீ நோட்டும் பேனாவுமா எதிர்ல உக்காந்தா வேற என்னத்தைப் பாக்கறது? படிச்ச குடும்பம்னு எழுதிக்கோ."

லாரிசா கனடாவின் வினிபெக்கில் ஊடகவியல் படிக்கிறாள். சித்தி வீட்டில்தான் தங்கல். 'பார்வையாளர்' என்ற ஒரே பாடம் பாக்கி. அதில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாகிவிட்டது. பேராசிரியை சிகர்ட்சன் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு குடும்பம் எப்படி டி.வி. பாக்குதுன்னு இந்தக் குளிர்காலம் முழுக்கப் பாரு. அவங்க பாக்கற சேனல் யார் கையில இருக்கு, அது அவங்களை எப்படி ஆட்டிவைக்குதுன்னு எழுது. ஒண்ணே ஒண்ணு, அவங்க பாக்கறதுல நீ கை வைக்கக் கூடாது. இந்த முறையும் சொதப்பினா பட்டத்தை மறந்துடு."

எதிரில் உட்கார்ந்தால்தானே வம்பு என்று லாரிசா சமையலறைக்குள் போய், கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஐந்து நிமிடம் நிம்மதி.

"லாரிசா! இப்ப சோப்பு விளம்பரம் வருது, எழுதிக்கோ!" என்று கூடத்திலிருந்து சித்தி கத்தினாள்.

"உன் சித்தப்பா கொட்டாவி விடறார், அதை எழுத வேணாம்!"

வேறு வழியில்லாமல் மறுநாள் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். "அந்த வேலையைக் காலேஜ்ல ரத்து பண்ணிட்டாங்க. இனி நான் உங்களைப் பாக்கல."

டை போனது. முத்துமாலை போனது. கவுன் போய்ப் பழைய ஸ்வெட்டர் வந்தது. ஆளுக்கொன்றாக இடுப்பில் செருகியிருந்த, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி மட்டும் போகவில்லை.

"அது என்ன சித்தி?"

"எத்தனை அடி நடக்கறோம்னு எண்ற மெஷின்."

"சித்தப்பா சோபாவை விட்டு எழுந்ததே இல்லையே!"

"அதான் மாட்டியிருக்கேன். அதைப் பாத்தாவது வெக்கம் வரட்டும்."

திமிங்கலமும் போனது. அதோடு வீட்டு அமைதியும் போனது. சித்திக்கு ஏழு மணிக்கு உள்ளூர் சேனலில் 'ப்ரெய்ரி புதிர்'. நரைத்த மீசை கோர்டன் கேள்வி கேட்பார், சித்தி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். சித்தப்பாவுக்கு அதே ஏழு மணிக்கு ஹாக்கி.

"அந்த மீசைக்காரனைப் பாக்கத்தான் ஓடி வர்றே."

"ஆமா, அவராவது நான் சொல்றதுக்கு மார்க் போடறார்!"

மூன்றாம் நாள் ரிமோட் போர்ஷ் சூப் சட்டிக்குள் விழுந்தது. பீட்ரூட் சாறு சொட்டச் சொட்ட அதை எடுத்த சித்தி, "நான் பிராண்டன்ல என் அக்கா வீட்டுக்குப் போறேன். நீயும் உன் ஹாக்கியும் ஒண்ணாக் குடும்பம் நடத்துங்க," என்று துணிப்பெட்டியை இறக்கினாள்.

லாரிசா குறுக்கே போய் நின்றாள். குடும்பமே உடைந்தால் எந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுவது? கை வைக்கக் கூடாதுதான். ஆனால் இது தீயணைப்பு. டி.வி.யின் பின்பக்கப் பொத்தானை அழுத்தி அழுத்தி, இருவருக்குமே பிடிக்காத ஒன்றைத் தேடினாள். கிடைத்தது: உள்ளூர் சேனலின் கடைசித் துணைச் சேனலில் 'பனித்துளை ஓரம்'. உறைந்த ஏரியில் ஒருவர் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். மீனும் வராது. ஒன்று முடிந்ததும் பழையது ஒன்றைத் திரும்பப் போடுவார்கள்.

"என்ன கண்றாவி இது?" என்றாள் சித்தி.

"தூக்கம் வருது," என்றார் சித்தப்பா.

சண்டை நின்றது. சித்தி துணிப்பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினாள்.

பிரச்சினை, அதற்கப்புறம் அதை அணைக்க முடியவில்லை. துளை போடும் சத்தத்தில் சித்தப்பா குழந்தை மாதிரித் தூங்கினார். சேனலை மாற்றினால் அலறிக்கொண்டு எழுந்தார். "ஏன் மாத்தினே? அவருக்கு இப்பதான் ஏதோ கடிக்கற மாதிரி இருந்துது!" புது ரிமோட் வாங்கினாலும் அது அவர் முதுகுக்கு அடியில்தான் கிடந்தது. காலையில் மீன், மாலையில் மீன். சித்தி பெரோகி கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே, புதிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். லாரிசா நோட்டைத் திறந்தால் எழுத ஒன்றுமில்லை. 'இன்றும் மீன் வரவில்லை.' அவ்வளவுதான்.

பிப்ரவரியில் இடி விழுந்தது. 'ப்ரெய்ரி புதிர்' நிறுத்தப்பட்டது. ஏழு மணிக்கு, முதன்மைச் சேனலில், தினமும் 'பனித்துளை ஓரம்'.

சித்தி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்புப் பெட்டியைக் கழற்றி, யாரும் பார்க்காதபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பாவம், சேனல்காரங்க என்ன பண்ணுவாங்க," என்றார் சித்தப்பா.

"பாவமா?" லாரிசா கொதித்தாள். "அந்த சேனல், இந்த ஊர்ப் பேப்பர், ரேடியோ, மூணையும் டொரன்டோவுல ஒரே முதலாளி வாங்கிட்டான். ஒரு ஆளு, ஒரு தூண்டில், செலவே இல்ல. ஜனங்க தலையில கட்டறான்!"

ராவும் பகலுமாக எழுதினாள். தலைப்பு: 'இந்த மீன் யாருக்கு வேண்டும்?' முதலாளி எதைப் போட்டாலும் பார்வையாளன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான், அவனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

பேராசிரியை சிகர்ட்சன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். லாரிசா கதவோரமே நின்றாள்.

"உக்காரு. நானும் கோர்டன் ரசிகைதான்," என்றார் பேராசிரியை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த சேனல் மேனேஜருக்கு எழுதிக் கேட்டேன். எட்டாயிரம் பேர் அந்த மீனை விடாமப் பாக்கறாங்க, எங்க கணக்குல இருக்குன்னு பதில் போட்டிருக்கார். வியாழக்கிழமை நம்ம வகுப்புக்கு வரச் சொல்லிட்டேன். அவரை நீ நேருக்கு நேரா கேளு. பதில் சொல்ல முடியாம முழிச்சார்னா உனக்கு முதல் மார்க்."

வியாழக்கிழமை காலை. வெளியே மூக்கு உறையும் குளிர். காரின் என்ஜின் சூடாக இருக்கச் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு லாரிசா உள்ளே ஓடி வந்தாள். சித்தியும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தயார். லாரிசா கேள்வி கேட்பதைப் பார்க்க அவளும் வருகிறாள். ஆனால் முகம்தான் ஏனோ வெளுத்திருந்தது.

"கடைசியா ஒருவாட்டி சொல்லிப் பாக்கறேன்," என்று லாரிசா வாசலில் நின்று கையை ஓங்கினாள். "ஐயா, எட்டாயிரம் பேர்னு சொல்றீங்களே, இந்த ஊர்ல அதுல ஒரே ஒருத்தரையாவது எனக்குக் காட்டுங்க பாப்போம்!... எப்படி இருக்கு சித்தி?"

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் ஒரு தடித்த உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடி எண்ற மெஷினை எங்கே அனுப்பறீங்க?"

"எங்க ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சுது கண்ணு, இனிமே வெளியே சொல்லலாம்," என்றார் சித்தப்பா, உறையின் வாயை நக்கி ஒட்டிக்கொண்டே. "இது அடி எண்றது இல்ல, வீட்ல எந்த சேனல் ஓடுதுன்னு சத்தத்தைக் கேட்டு டி.வி. கணக்கெடுக்கற கம்பெனிக்கு அனுப்பற பெட்டி, நான் தூங்கினாலும் குறட்டையில வயிறு அசைஞ்சாப் போதும், முழிச்சுப் பாக்கறதா எண்ணிக்கும், ஒரு பெட்டி ஊர்ல நாலாயிரம் பேருக்குச் சமம்னு அவங்க கணக்கு, அதனால அங்க போய் யாரையும் தேடாதே, அந்த எட்டாயிரம் பேரும் நானும் உன் சித்தியுந்தான்."