தேனீ இடத்துக்கு ஆள்

எங்கள் பூசணித் தோட்டத்து வேலி, என் வீட்டுக்காரருடைய சோம்பலால் உருவானது. "நாளைக்கு வெட்டுறேன்" என்று அவர் சொல்லிச் சொல்லியே முள்ளும் கொடியும் பூவுமாக அது ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. தேனீ, ஓணான், குருவி எல்லாம் வாடகை இல்லாமல் அதற்குள் குடியிருந்தன. விடிந்ததும் தேனீக்கள் பூசணிப் பூக்களுக்குள் புகுந்து புறப்படும். அப்புறம் பிஞ்சு பிடிக்கும், காய் திரளும். அந்தக் காயை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஒரு நாள் பல்லுயிர் பாதுகாப்பு அலுவலர் வந்தார். வேலியைப் பார்த்ததும் கழற்றிய தொப்பியை மறுபடி போடவே இல்லை.

"இதை யார் இப்படிப் பாதுகாத்தது?"

வீட்டுக்காரர் நடுங்கிப்போனார். "நாளைக்கே வெட்டிடுறேன் சார்."

"ஒரு இலையைத் தொட்டீங்கன்னா நடவடிக்கை எடுப்பேன்."

இவ்வாறாக, மேற்படி சோம்பல் 'பல்லுயிர் காப்பு மற்றும் கிராம வாழ்வாதார இணைப்புத் திட்ட'த்தின் முன்மாதிரியாக அறிவிக்கப்பட்டது. அவரைப் பெற்ற அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "சும்மா இருந்ததுக்கா பாராட்டு? சின்ன வயசுலயும் இவன் சும்மாதான் இருந்தான். அப்பவே யாராவது பார்த்திருந்தா எங்கேயோ போயிருப்பானே" என்றார்.

திட்டம் இருந்தால் பலகை இருக்க வேண்டும். பலகை வந்தது. வேலிக்குப் பின்னால் நட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

"வேலிக்கு முன்னாடி நடுங்களேன் சார்" என்றேன்.

"எப்படிம்மா? வேலியோட பெருமையைச் சொல்ற பலகை, வேலியையே மறைச்சா நல்லாவா இருக்கும்?"

"அப்போ?"

"வேலியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திடலாம்."

ஒழுங்குபடுத்துவது என்றால் வேரோடு பிடுங்குவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பலகை இப்போது பளிச்சென்று தெரிந்தது. திறந்துவைக்க மேலதிகாரி வரப்போகிறார், அவரைக் கொசு கடிக்கக் கூடாது என்று தோட்டம் முழுக்கப் புகை மருந்து அடித்தார்கள்.

"மிச்சம் இருக்கிற தேனீயும் செத்துப்போயிடுமே சார்."

"கவலைப்படாதீங்க. பலகையில தேனீ படம் பெருசாவே போட்டிருக்கோம்."

மேலதிகாரி வந்தார், ரிப்பனை வெட்டினார், காது கொடுத்துக் கேட்டார். "என்ன ஒரு அமைதி. ஒரு பூச்சி சத்தம்கூட இல்லையே. நல்ல பராமரிப்பு." எல்லாரும் கைதட்டினோம். பிஸ்கட் கொடுத்தார்கள், அதனால் கொஞ்சம் பலமாகவே தட்டினோம்.

அப்புறம் பூசணி பூத்தது. பிஞ்சுகள் கட்டைவிரல் அளவுக்கு வரும், மஞ்சளடிக்கும், பொத்தென்று விழும். விழுந்ததையெல்லாம் முந்தானையில் அள்ளி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அலுவலர் மேசையில் கொட்டினேன்.

"பாருங்க சார். இந்தத் தடவை காய் இல்லைன்னா தோட்டத்தைப் பூட்டிட்டு நாங்க டவுனுக்குக் கல்லு சுமக்கப் போகணும்."

பிள்ளை ஒரு பிஞ்சை எடுத்துக் கடிக்கப் பார்த்தது. அவர் அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"அந்தத் தேனீங்க சரியா என்ன வேலை பார்த்துச்சு?"

"ஆண் பூவுல இருக்கிற பொடியை எடுத்துட்டுப் போய்ப் பெண் பூவுல ஒட்டும்."

"அதை மனுஷங்க செய்ய முடியாதா?"

"ஒரு பெயின்ட் பிரஷ் இருந்தா செய்யலாம். காலங்காத்தால, பூ மூடிக்கிறதுக்குள்ள செய்யணும்."

அவர் முகத்தில் விளக்கேற்றியது போல் ஆனது. "இத்தனை வருஷமா இந்த வேலையையெல்லாம் தேனீயே பார்த்திருக்கு. யாராவது ஒருத்தருக்குச் சம்பளம் கிடைச்சுதா? பல்லுயிரையும் வாழ்வாதாரத்தையும் எப்படிய்யா இணைக்கப் போறேன்னு மேலே கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இதோ, இணைஞ்சுடுச்சு."

எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரஷும், தேனீ படம் போட்ட மஞ்சள் தொப்பியும் வந்தன. நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் மேற்பார்வை எனக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: தேனீ திரும்பி வந்துவிட்டால் திட்டம் ரத்து.

காய் பிடித்தது. சம்பளமும் வந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா தினமும் வந்து, "எங்க வேலியை எப்போம்மா ஒழுங்குபடுத்துவாங்க? சொல்லி வையேன்" என்று கேட்கிறாள். என் வீட்டுக்காரர் ஆளே மாறிவிட்டார். வேலி இருந்த இடத்தில் ஒரு துளிர் தலைகாட்டினாலும், நாளைக்கு என்ற பேச்சே இல்லை, அப்போதே பிடுங்கிவிடுகிறார். அத்தைக்கு அவ்வளவு பெருமை.

நேற்றுக் காலையில் ஒரு பூவுக்குள் பிரஷை நீட்டினேன். உள்ளே ஏதோ ரீங்காரம் கேட்டது. குனிந்து பார்த்தால், உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு ஒரு தேனீ. எங்கிருந்து தப்பி வந்ததோ.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தொப்பியைக் கழற்றி அதை விரட்டினேன்.

"போ, போ. இங்கே ஆள் எடுத்தாச்சு."