சிமெண்டு இறுகும் வரை

பாசத்துக்கும் கோபத்துக்கும் குறைவில்லாத என் அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் முழங்காலும் உன் கோழிகளும் நலமாயிருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பதால், நான் சொல்லச் சொல்ல இங்கே ஒருவர் எழுதுகிறார். நல்ல மனுஷன், கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு. புரியலேன்னா மருந்துக்கடையில குடுத்துப் படிக்கச் சொல்லு.

என் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீ வர வேண்டாம். ரெண்டு பஸ் மாறி வந்து முழங்காலைக் கெடுத்துக்காதே. பயந்தியான்னு கேப்ப, எனக்கென்ன பயம்? தேஞ்சுபோன மூட்டு எலும்பை எடுத்துட்டு, தொடை எலும்புக்குள்ள ஒரு கம்பியை இறக்கி, அது ஆடாம இருக்க சிமெண்டு வெச்சாங்க. வீடு கட்டுற சிமெண்டு இல்ல, இது வேற. ஆனா சிமெண்டுன்னதும் எனக்கு நம்ம சின்ன மாமா கட்டின தண்ணித்தொட்டி ஞாபகம் வந்துருச்சு. பூச்சு காயறதுக்குள்ள உன் கோழி அதுல நடந்துச்சே, மாமா அதைத் துரத்தப்போய் அவரே வழுக்கி உள்ள உக்காந்தாரே, கோழித்தடம் ஒரு பக்கம், மாமா தடம் ஒரு பக்கம். சரி, அதை விடு. கம்பியை இறக்கினதும் சிமெண்டு இறுகுற வரைக்கும் டாக்டர் அதை அசையாம புடிச்சுட்டே நிக்கணும். மூக்கு அரிச்சாலும் சொறியக்கூடாது. மிச்சச் சிமெண்டை நர்ஸம்மா விரல்ல உருட்டிட்டே இருப்பாங்க. அந்த உருண்டை சூடாகிக் கல்லாயிட்டா உள்ளயும் இறுகிருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கல. இடுப்புக்குக் கீழதான மரத்துப்போக ஊசி, அதனால நான் பேசினேன். இத்தனை வருஷத்துல என் கதையை நடுவுல எழுந்து போகாம கேட்டது அந்த டாக்டர் ஒருத்தர்தான். பாவம், கையை எடுக்க முடியாதே.

இப்ப நான் நடக்கிற நடையைப் பார்த்து வார்டே அசந்துபோகுது. அதனால நீ வர வேண்டாம். வந்தா அந்த நீலப் போர்வையை எடுத்துட்டு வா. ஆனா வராதே.

உன்னிடம் குட்டு வாங்கியே வளர்ந்த தலை உன்னை வணங்குகிறது.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: அம்மா, வணக்கம். இதை எழுதிக்கொடுத்தது அவருடைய டாக்டராகிய நான்தான். அவர் பக்கத்துக் கட்டிலுக்குக் கதை சொல்லப் போயிருக்கிறார், அதற்குள் இதைச் சேர்க்கிறேன். மேலே உள்ளதில் தண்ணீர்த்தொட்டியைத் தவிர எதுவும் இன்னும் நடக்கவில்லை. இரண்டு முறை ஆபரேஷன் மேசை வரை வந்து இறங்கிப் போய்விட்டார். இந்தக் கம்பியை எத்தனையோ பேருக்குப் பொருத்தியிருக்கிறேன், அசையாமல் பிடித்து நிற்பது எனக்குப் பழகிவிட்டது. அதைத்தான் நேற்று அவருக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்பியை நீங்க புடிச்சுக்குவீங்க சார். என்னை யாரு புடிச்சுக்குவா?" என்றார்.

மாமா தொட்டியிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்பதை மேசையில் படுத்த பிறகுதான் சொல்வாராம். ஆபரேஷனை வெள்ளிக்கிழமை காலை மறுபடி வைத்திருக்கிறேன். போர்வையோடு வாருங்கள். மேசையில் அவர் தலைமாட்டில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.