பிரிட்டாவின் ஏழாம் நடை

வாழ்க பிரிட்டா! நெப்ராஸ்காவின் மக்காச்சோளப் பெருங்கடல்மேல் ஒற்றை எஞ்சின் ஊர்தி செலுத்தும் உரனுடையாள் வாழ்க! ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்தவரையன்றிப் பெருவிமானக் கம்பெனிகள் ஏறெடுத்தும் பாரா என்பதால், வான்குடை வீரரை விண்ணேற்றிக் கொட்டிவிட்டுத் தனியளாய் மீளும் பணியைத் தன் முதல் வேலையாய் ஏற்ற இருபத்துமூன்று வயது மறத்தி வாழ்க!

அன்று சனிக்கிழமை. ஆறு நடை இடையறாது பறந்தவள், காலையில் அருந்திய இரு குவளைக் காப்பியும் அடிவயிற்றை முற்றுகையிட்டு முரசறைய, ஏழாம் நடையில் பத்தாயிரம் அடி உயரத்தில் பல்லைக் கடித்திருந்தாள். இருக்கையற்ற தரையில் முழங்கால் மடக்கி நெருங்கியிருந்த நால்வருள், மலைத்தோளனாகிய பயிற்சியாளன் டுவேன் அவள் முகம் கண்டு நகைத்தான்.

“என்ன தங்கச்சி, நெளியுற? எனக்கும் அவசரந்தான். கீழ இருக்குறது ஒரே ஒரு கக்கூஸு. யாரு முந்துறாங்களோ அவங்களுக்கு!”

“வாய மூடிட்டு மொதல்ல குதிண்ணே!”

கதவு திறந்தது. நால்வரும் கோட்டை மதிலினின்று உருளும் பாறைகளென வீழ்ந்தனர்.

அந்தோ! அவர்கள் தரை சேர ஐந்து நிமிடம், அவளுக்கோ பத்து. எஞ்சினை அடக்கி, விமானத்தின் மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் வென்றிடலாம். கை விசைக்குமிழை நோக்கி நீண்டது. அக்கணமே, வேலைக்குச் சேர்ந்த நாளில் முதலாளி வெர்ன் முழங்கிய ஆணை செவியில் அறைந்தது: “அவசரப்பட்டுத் தலைகீழாப் பாஞ்சு, சூடா இருக்குற எஞ்சின குளுந்த காத்துல சட்டுன்னு ஆறவிட்டு விரிசல் விழவச்சே, அன்னிக்கே வீட்டுக்குப் போயிரு!”

வயிறா வேலையா என்னும் கொடும்போரில் வேலையே வென்றது. இரு தொடையும் இறுகப் பூட்டி, அறிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மந்திரமென உச்சரித்து, வட்டமிட்டு வட்டமிட்டு, ஆணை பிறழாது இறங்கினாள் அவ்விரதசீலை.

வாயுதேவன் மனமிரங்கினான். தென்காற்றொன்று டுவேனின் நீலக்குடையை அள்ளிச் சென்று, வேலிக்கு வெகுதூரம் அப்பால், ஆளுயரச் சோளக்காட்டில் வீசியெறிந்தது. இலைகள் கீறிய முகத்தோடு அவன் வேலியேறிக் குதித்த வேளையில், சக்கரங்கள் புல்தரை தொட்டன, எஞ்சின் அடங்கியது, பிரிட்டா பாய்ந்தாள். களிறு துரத்தும் கலைமானென அவள் ஓட, குடைத்துணியை மார்போடு அள்ளியணைத்துத் தடதடவென அவன் துரத்த, “ஏய், வயசுக்கு மரியாத குடும்மா!” என்னும் ஓலம் எண்டிசையும் எதிரொலிக்க, மூன்றே அடி முந்திய வெற்றித்திருமகள், பச்சை நிறக் கழிப்பறையின் கதவுப்பிடியை இரு கரத்தாலும் பற்றி இழுத்தாள்.

உள்ளே ஆள் இருந்தது.